மிதவை டியூப்: காற்றடிப்பது முதல் கட்டிவைப்பது வரை

உட்கார்ந்து மிதந்தபடி தூண்டில் போட உதவும் மிதவை டியூப் தண்ணீரில் கெடுவதைவிடத் தரையில் கெடுவதுதான் அதிகம். காரின் பின்பெட்டியில் கிடந்து வெந்துபோகும். ஈரத்தோடு சுருட்டிவைத்த பையில் பூசணம் பூக்கும். அவசரத்துக்குப் பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாயை மாட்டினால் தையல் பிளக்கும். மலேசியாவில் பூச்சோங், செர்டாங், டெங்கில் பக்கத்துப் பழைய ஈயக்குட்டைகளில் (வெள்ளீயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்தவை) தோமான், பீகாக் பாஸ் மீன்களைத் தேடிப் போகிறவர்கள் புது டியூப் வாங்கும்போது ரீலைப் பற்றியும் பொய்யிரையைப் பற்றியும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதில் பாதியாவது காற்றைப் பற்றிக் கேட்டால் டியூப் பல வருடம் உழைக்கும்.

எஸ்டேட் ஆற்றில் லோரி டியூப் போட்டு மிதந்த தலைமுறைக்கு இதை அதிகம் விளக்க வேண்டாம். அதே டியூப்புக்கு நைலான் சட்டை போட்டு, நடுவில் இருக்கை தைத்து, முதுகுக்குக் காற்றுத் தலையணை வைத்தால் அதுதான் பழைய மாதிரி மிதவை டியூப். இப்போது வட்டமாக வருவது குறைவு. முன்பக்கம் திறந்த யூ வடிவம் அல்லது வி வடிவம்தான் கடைகளில் இருக்கிறது. ஏறி இறங்கவும் அதுவே எளிது. உட்கார்ந்தால் கால்கள் தண்ணீரில் தொங்கும். காலில் மாட்டிய ஃபின்னை (வாத்துக்கால் போன்ற நீச்சல் பட்டை) உதைத்தால் டியூப் பின்பக்கமாக நகரும். துடுப்பு பிடிக்க வேண்டாம், இரண்டு கையும் தூண்டிலுக்கே.

உள்பை உள்ளதா, இல்லாததா?

வாங்கியதும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஒரு வகையில் வெளியே நைலானோ பாலியஸ்டரோ உறை, உள்ளே மெல்லிய காற்றுப்பை. உறையில் நீளமாக ஒரு ஜிப் இருந்தால் இந்த வகை. இன்னொன்றில் உள்பையே கிடையாது. தடித்த பிவிசித் துணியையே சூட்டில் ஒட்டிக் காற்றறை ஆக்கியிருப்பார்கள், சின்ன ரப்பர் படகு போல.

உள்பை வகையில் காற்றைப் பிடித்துவைப்பது பை, அழுத்தத்தைத் தாங்குவது உறை. பை தனியாக அழுத்தம் தாங்காது. உறையை விட்டு வெளியே எடுத்துக் காற்றடித்தால் பலவீனமான இடத்தில் பலூன் மாதிரி ஒரு புடைப்பு கிளம்பும், அதோடு அந்தப் பை வீண். உறையில் ஒரு விரல் நுழையும் கிழிசல் இருந்தாலும் அதே கதைதான்: அந்த வழியாகப் பை பிதுங்கும். ஆகவே "காற்று இறங்கவில்லையே, உறைதானே கிழிந்திருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது.

உள்பை எதனால் ஆனது என்பதையும் சிட்டையில் பார்த்து எழுதிவையுங்கள். பிவிசியா, டிபியூ என்ற யூரித்தேன் பிளாஸ்டிக்கா? இரண்டுக்கும் பசை வேறு. ஓட்டை விழுந்த பிறகு தேடினால் சிட்டை கழுவிக் கழுவி எழுத்தழிந்திருக்கும்.

எவ்வளவு அழுத்தம்

டியூப்பிலோ அதன் வால்வுக்குப் பக்கத்திலோ அச்சிட்டிருக்கும் எண்தான் கடைசித் தீர்ப்பு. பொதுவாக மிதவை டியூப்கள் 1 முதல் 3 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ என்பது காற்றழுத்த அளவு) நிற்கும். 2 பிஎஸ்ஐ என்பது ஏறத்தாழ 14 கிலோபாஸ்கல். கார் டயருக்கு நாம் அடிப்பது 220 கிலோபாஸ்கல் அளவில். நம் டியூப்புக்கு வேண்டியது அதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்ரோல் நிலையத்துக் கருவிக்கு இவ்வளவு சின்ன எண்ணைச் சரியாகக் காட்டத் தெரியாது. அது "கொஞ்சம்" என்று விடும் காற்றே டியூப்புக்கு அதிகம்.

இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் எப்படி விறைப்பாக நிற்கிறது என்று சந்தேகம் வரும். டியூப்பின் குழாய் எவ்வளவு பருமனோ அவ்வளவு இழுவை தையலில் விழும். 35 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 2 பிஎஸ்ஐ இருந்தால், தையலின் ஒவ்வொரு செ.மீ. நீளத்தையும் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதை 6 பிஎஸ்ஐ ஆக்கினால் ஏழரைக் கிலோ. சைக்கிள் டியூப் 40 பிஎஸ்ஐ தாங்குவது அது ஒல்லியாக இருப்பதாலும், சுற்றிலும் டயர் கட்டிப் பிடிப்பதாலும்தான். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது.

பம்ப்பைப் பொறுத்தவரை விலை குறைந்ததே நல்லது. யூ வடிவ டியூப் ஒன்று நிரம்ப 250 லிட்டர் அளவுக்குக் காற்று வேண்டும். மேலே இழுத்தாலும் கீழே அழுத்தினாலும் காற்று தரும் இருவழிக் கைப்பம்ப், ஒரு முறைக்கு 4 லிட்டர் தருவதாக இருந்தால், அறுபது எழுபது முறை அடிக்க வேண்டும். 5 லிட்டர் கால்பம்ப்பில் ஐம்பது சொச்சம் மிதி. காற்று மெத்தைக்கு விற்கும் 12 வோல்ட் மின்பம்ப் பெரும்பகுதியை இரண்டு மூன்று நிமிடத்தில் நிரப்பிவிடும். ஆனால் அதற்கு 1 பிஎஸ்ஐகூட வராது. அது நல்லதுதான், தவறியும் வெடிக்காது. கடைசி இறுக்கத்தைக் கையால் கொடுங்கள். நின்றபடி துடுப்புப் போடும் ஊதுபலகைக்கு விற்கும் மின்பம்ப் 15 பிஎஸ்ஐக்கு மேலேயும் போகும். அதைப் பயன்படுத்தினால் எண்ணை முதலில் 2இல் வைத்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். முந்தைய ஆள் வைத்த எண்ணிலேயே அது நின்றிருக்கும்.

வாயால் ஊத வேண்டாம். எச்சில் ஈரம் உள்ளே போய்ப் பைக்குள்ளேயே பூசணம் கட்டும். பிறகு எதைப் போட்டும் அந்த நாற்றம் போகாது.

காற்றடிக்கும் வரிசை

கீழே ஒரு தார்ப்பாய் விரியுங்கள். குட்டைக் கரையில் கல்லைவிட லாலாங் புல்லின் குருத்துதான் மோசம். ஊசி மாதிரி நேராக முளைத்து நிற்கும். நீரோரத்தில் புதராக மண்டும் பெரிய தொட்டாச்சிணுங்கியின் முள்ளும் அப்படியே. தார்ப்பாயை விரித்தபின் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள், குத்தினால் இடம் மாற்றுங்கள்.

உள்பை வகையென்றால் ஜிப்பைத் திறந்து பை முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பையின் ஓரத் தையல் உறையின் தையலோடு சேர்ந்து ஓட வேண்டும். இரண்டு கூர்முனைகளிலும் பையின் வால் கடைசிவரை போயிருக்க வேண்டும். வால்வு உறையின் துளைக்கு நேராக, சாயாமல் நிற்க வேண்டும். முனையில் பை போய்ச் சேராமல் மடங்கிக் கிடந்தால் காற்றடித்தபின் அந்த முனை தொளதொளவென்று இருக்கும், புதியவர்கள் அதற்காக இன்னும் அடிப்பார்கள், மற்ற இடம் இறுகிப் பிளக்கும். முகப் பவுடர் ஒரு கைப்பிடி உள்ளே தூவி வைத்தால் பை தானாக வழுக்கி இடத்தில் உட்காரும். மணமில்லாத டால்கம் பவுடரே போதும்.

இப்போது ஜிப் திறந்தபடியே, கால்வாசி மட்டும் காற்று அடியுங்கள். பை கொஞ்சம் உருவம் பெறும். வெளியிலிருந்து கையால் அமுக்கி மடிப்புகளை நீவிவிட்டு, பிறகு ஜிப்பை மூடுங்கள். ஜிப் விரலால் இழுத்து மூடும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். முட்டிபோட்டு இழுக்க வேண்டியிருந்தால் காற்று அதிகம், கொஞ்சம் விட்டுவிட்டு மூடுங்கள். பல் பிளந்த ஜிப்பைத் தையல்காரரிடம் கொடுத்து மாற்றும் கூலி சின்ன விஷயமில்லை. அந்தத் தடிமனான ஜிப் கிடைப்பதே பாடு.

ஜிப் முழுக்க மூடிய பிறகே மீதியை அடிக்க வேண்டும். இடது, வலது என்று தனித்தனி அறை இருந்தால் ஒன்றை முழுதாக நிரப்பிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். முதலில் இரண்டுக்கும் பாதி, பிறகு இரண்டுக்கும் முக்கால், பிறகு முழுசு. நடுத்தடுப்பு ஒரே பக்கம் தள்ளப்பட்டால் அதன் ஒட்டு தளரும். அடுத்து முதுகுச் சாய்வு, கடைசியில் இருக்கை. முதுகுச் சாய்வை அழகுக்கு வைத்த தலையணை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடுவது வழக்கமான தவறு. பெரிய அறை ஓட்டையானால் உங்களைக் கரைவரை தாங்கப்போவது அதுதான்.

போதுமா என்று பார்க்கக் கட்டை விரல் போதும். குழாயின் மேல்பக்கம் நடுவில் நன்றாக அழுத்தினால் ஒரு செ.மீ. அளவுக்கு உள்ளே போய் உடனே திரும்ப வேண்டும். வெளி வளைவில் சுருக்கம் இருக்கக் கூடாது. உள் வளைவில் சின்னச் சுருக்கங்கள் இருப்பது வடிவத்தினால் வருவது, அதைப் போக்க அடிக்காதீர்கள். சுண்டினால் தண்டோரா மாதிரி ஒலித்தால் அதிகமாகிவிட்டது. தையல் நூலுக்கு நடுவே துளைகள் வாய் திறந்து தெரிந்தாலும் அப்படியே.

வால்வுகளில் நேரும் குழப்பம்

"ஓட்டை" என்று கொண்டுவரும் டியூப்களில் கணிசமானவற்றில் ஓட்டையே இருக்காது. வால்வு சரியாக மூடியிருக்காது, அல்லது மணல் புகுந்திருக்கும்.

பாஸ்டன் வால்வில் இரண்டு அடுக்கு உண்டு. மேல் மூடியைத் திறந்தால் உள்ளே மெல்லிய ரப்பர் இதழ் ஒன்று தெரியும். காற்று உள்ளே போகும், திரும்பாது. அடியிலுள்ள பெரிய பகுதியையே திருகிக் கழற்றினால் காற்று மொத்தமும் வெளியேறும். அதை மாட்டும்போது மரை சாய்ந்து ஏறினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். முதலில் எதிர்த்திசையில் அரைச் சுற்று திருப்பி, மரை 'டக்'கென்று உட்காருவதைக் கேட்டுவிட்டு, பிறகு சரியான பக்கம் திருகுங்கள். ரப்பர் இதழில் ஒட்டிய ஒரு மணல் போதும், காலைக்குள் டியூப் தளர்ந்துவிடும். ஈரத் துணி முனையால் துடைத்தால் சரி.

ஹால்கி-ராபர்ட்ஸ் வகையில் நடுவே ஒரு குமிழ் இருக்கும். அழுத்திக் கால் சுற்று திருப்பினால் குமிழ் கீழேயே தங்கும். அது காற்றை வெளியேற்றும் நிலை. மீண்டும் அழுத்தித் திருப்பினால் மேலே எழும். அது காற்றடிக்கும் நிலை. குமிழ் கீழே இருந்தபடி அடித்தால் காற்று ஏறும், ஆனால் பம்ப்புக் குழாயை எடுத்த கணமே புஸ்ஸென்று அத்தனையும் வெளியே போகும். ஆரம்பிக்குமுன் குமிழ் மேலே இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

எந்த வால்வானாலும் வெளிமூடியைப் போடாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். கடைசிக் காப்பு அந்த மூடிதான்.

வெயில் கணக்கு

காற்று சூடானால் விரியும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு என்பதில்தான் ஏமாறுகிறோம். விடியற்காலை 25 டிகிரியில் 2 பிஎஸ்ஐ அடித்துக் கரையில் வைக்கிறீர்கள். கறுப்பு உறையில் வெயில் பட்டு உள்ளே 50 டிகிரி ஆகிறது. அழுத்தம் 3.4 பிஎஸ்ஐ பக்கம் போய்விடும். சுற்றியுள்ள வளிமண்டலத்தின் 14.7 பிஎஸ்ஐயும் சேர்ந்த மொத்த அழுத்தம்தான் வெப்பத்தோடு ஏறுகிறது. அதில் வரும் சின்ன ஏற்றமும் நம் 2 பிஎஸ்ஐக்குப் பெரிய ஏற்றம். டயருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, டியூப்புக்கு இதுவே உயிர்ப் பிரச்சினை.

மறுபக்கமும் உண்டு. நண்பகலில் 40 டிகிரிச் சூட்டில் 2 பிஎஸ்ஐ வைத்து, 29 டிகிரித் தண்ணீரில் இறக்கினால் கால் மணி நேரத்தில் 1.4க்கு வந்துவிடும். இருக்கை தாழும், முனைகள் நெகிழும். "அண்ணே, லீக்" என்று கரைக்கு அலறிக்கொண்டு வருவார்கள். லீக் இல்லை, காற்று குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே நடைமுறை இப்படி: கரையில் கொஞ்சம் தளர்வாக, விரல் இரண்டு செ.மீ. போகும் அளவுக்கு அடியுங்கள். டியூப்பை ஆழமில்லாத இடத்தில் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். அதற்குள் ஃபின், லைஃப் ஜாக்கெட், தூண்டில் எல்லாம் தயார் செய்யலாம். பிறகு கடைசி இறுக்கத்தைக் கொடுங்கள். கரையேறியதும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்குமுன் ஒவ்வொரு அறையிலும் ஐந்து விநாடி காற்றை விடுங்கள். சாப்பிட்டு முடித்துப் பார்க்கும்போது வெயிலில் விறைத்து நிற்கும் டியூப்தான் அடுத்த வாரம் தையல் விட்டுப்போகும்.

காற்றோடு காரில் ஏற்றி வெயிலில் நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகவே கூடாது. மூடிய காருக்குள் 60 டிகிரி என்பது இங்கே சாதாரணம்.

புது டியூப்பை முதல் நாளே குட்டைக்குக் கொண்டுபோக வேண்டாம். வீட்டுக் கூடத்தில், வெயில் படாத இடத்தில் அடித்து 24 மணி நேரம் வையுங்கள். புதுத் துணி கொஞ்சம் இழுபடும், அதனால் முதல் சில மணி நேரத்தில் சற்றே தளர்வது இயல்பு. ஒருமுறை நிரப்பிவிட்டு மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள், வெப்பமும் ஒன்றாக இருக்கும். அப்போதும் தளர்ந்திருந்தால் கடைக்குத் திருப்ப வேண்டியதுதான். தண்ணீரில் போட்டபிறகு கடைக்காரர் பேச்சு மாறும்.

தண்ணீரில் இறங்குமுன்

லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மிதப்பதில்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்ற வாதம் ஓட்டை விழும்வரை நன்றாகத்தான் இருக்கும். ஊதுகாற்று ஜாக்கெட்டைவிட நுரை வைத்தது நல்லது. ஒரே தூண்டில் முள் இரண்டையும் குத்திவிடக் கூடாது அல்லவா? தோளில் ஒரு விசில், நீர் புகாத பையில் கைப்பேசி, ஃபின் கழன்றால் மூழ்காமலிருக்கக் கணுக்காலோடு ஒரு கயிறு.

ஃபின் மாட்டினால் முன்பக்கமாக நடக்க வராது, தடுக்கி விழுவீர்கள். யூ வடிவ டியூப்பைத் தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் வைத்து, பின்பக்கமாக நடந்துபோய் உட்காருங்கள். குறுக்குப் பட்டையையும் முன்மடித் துணியையும் மாட்டிவிட்டுத்தான் உதைக்க ஆரம்பிக்க வேண்டும்.

ஈயக்குட்டையில் இறங்கும் இடம் தேர்வதில்தான் கண் வேண்டும். தோண்டி எடுத்த பள்ளம் அது. இரண்டு அடி தள்ளி அடியில்லாமல் போகும். கரை மணல் சரியும். சில இடங்களில் ஈயம் கழுவிய சேறு வெளிர் நிறத்தில், பார்க்கக் கெட்டியாக, மிதித்தால் தொடைவரை இறங்குவதாக இருக்கும். கம்பால் குத்திப் பாருங்கள், முழங்கையளவு இறங்கினால் அந்தப் பக்கம் வேண்டாம்.

ஃபின் உதைத்துப் போகும் வேகம் நடையைவிடக் குறைவு. காற்று எதிர்த்தால் நின்ற இடத்திலேயே உதைத்துக்கொண்டிருப்பீர்கள். எனவே போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். ஓடும் ஆறு, கழிமுகம், கடல் எதுவும் இதற்கு இடமல்ல. சதுப்புநிலக் கழிமுகத்தில் வேரில் ஒட்டிய சிப்பி டியூப்பைக் கீறும், முதலையும் இருக்கலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியம் தாண்டினால் வானம் கறுக்கும். காலையில்தானே போகிறோம் என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது. மேற்குக் கரையில் சுமத்ராப் புயல்காற்று விடியும் முன்னும் விடியும் நேரத்திலும் திடீரென்று அடிக்கும். இடிச்சத்தம் காதில் விழுந்தாலே கரைக்கு வாருங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கரையிலேயே இருங்கள். திறந்த நீரில் கார்பன் தூண்டில் கம்பு பிடித்து உட்கார்ந்திருப்பவரைவிட உயரமான பொருள் அங்கே வேறொன்றும் இருக்காது.

அனுமதி விஷயம்: உள்நாட்டு நீர்நிலை மீன்பிடிப்பு மாநில அரசுகளின் கையில் இருப்பதால் சிலாங்கூரில் உள்ள விதி பேராக்கில் அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். கிள்ளான் கேட்ஸ் போன்ற குடிநீர் அணைகளில் இறங்கவே கூடாது. மைன்ஸ், சன்வே ஏரிகளும் ஒரு காலத்து ஈயச் சுரங்கங்கள்தான், ஆனால் இப்போது தனியார் வளாகங்களுக்குள் இருக்கின்றன. பாயா இண்டா ஈரநிலத்தில் முதலையும் நீர்யானையும் வைத்திருக்கிறார்கள். காலைத் தண்ணீரில் தொங்கவிட அதைவிட மோசமான இடம் கிடைக்காது.

மீன் ஏறும்போது

டியூப்பைக் குத்துவது பெரும்பாலும் நம் கொக்கிதான், குறிப்பாக மூன்று முள் சேர்ந்த கொக்கி. அதைக் கழற்றி ஒற்றை முள் போட்டு, எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் பாதிக் கவலை தீரும். கெளுத்தியின் பக்கவாட்டு முள்ளும் திலாப்பியாவின் முதுகு முள்ளும் மெல்லிய பிவிசியைச் சுலபமாகத் துளைக்கும். மீனை மடியில் போடாமல் ரப்பர் வலையில் நீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள். தோமானுக்குப் பல் உண்டு. குஞ்சுகளோடு சிவந்த கூட்டமாக மேலே வரும் நேரத்தில் தாய் மீன் காலைக் கடிக்கவும் தயங்காது. அந்தக் கூட்டத்தை நோக்கி டியூப்பை ஓட்டாதீர்கள்.

கொசு மருந்தை டியூப்பில் உட்கார்ந்தபடி தெளிக்காதீர்கள். அதில் உள்ள டீட் என்ற பொருள் பிவிசியை இளக்கும். தெளித்த இடம் பிசுபிசுத்துப் பிறகு வெடிக்கும். கரையில் தடவிக்கொண்டு கையைக் கழுவிவிட்டு ஏறுங்கள். மென்பிளாஸ்டிக் பொய்யிரையையும் டியூப்பின் பையில் அப்படியே போட்டுவைக்காதீர்கள். அதுவும் பிளாஸ்டிக்கோடு ஒட்டி உருகும்.

வீட்டுக்கு வந்தபின்

சோப்பு அதிகம் வேண்டாம். நல்ல தண்ணீரில் கழுவி, ஜிப்பின் பல்லில் உள்ள மணலைப் பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள். உங்கள் உடம்பையும் அப்படியே: குட்டைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம். இறங்கிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் குட்டையில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உலர்த்துவதில்தான் நம் ஊரில் பெரும்பாலோர் தோற்கிறார்கள். வெளியே காய்ந்துவிடும், உறைக்கும் பைக்கும் நடுவில் ஈரம் நிற்கும். ஜிப்பைத் திறந்து, பையைப் பாதி வெளியே இழுத்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் ஓர் இரவு முழுக்க விடுங்கள். அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் கொடியில் போட்டால் மாலை வெயில் நேரே படாத பக்கமாகப் பாருங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் உறையின் நூலை ஒரு வருடத்தில் பொடியாக்கும். பூசணம் வந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்து, கழுவி, மறுபடியும் காயவையுங்கள். குளோரக்ஸ் போன்ற வெளுப்பான் ஊற்ற வேண்டாம், தையல் நூல் போய்விடும்.

ஜிப்புக்கு மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். துரு எடுக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அதில் அடிக்காதீர்கள். பெட்ரோலியம் கலந்தது பிவிசிக்கு ஆகாது. சிலிக்கன் ஸ்பிரே கெடுக்காது, ஆனால் அது பட்ட இடத்தில் பின்னாளில் ஒட்டு நிற்காது.

வைக்கும் இடம்: கட்டில் அடி, அலமாரி மேல்தட்டு, எங்கேயாவது வீட்டுக்குள். காரில் வேண்டாம், வெளிக் கொட்டகையிலும் வேண்டாம். மீன் வாடைக்கு எலி வரும், அது கடித்த ஓட்டைக்கு ஒட்டு போட்டு முடியாது. இறுக்கமாக மடிக்காமல் பவுடர் தூவித் தளர்வாகச் சுருட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் மடித்தால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். இடம் இருந்தால் கொஞ்சம் காற்றோடு அகலப் பட்டையில் தொங்கவிடுவது இன்னும் நல்லது.

ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டுவது

முதலில் வால்வு. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து தெளிப்பானில் அடித்து வால்வின் மேலும் அடிச்சுற்றிலும் தெளியுங்கள். குமிழி வந்தால் ஓட்டை அங்கேதான். அங்கே இல்லையென்றால் பையை வெளியே எடுத்து, உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்துத் தையலோரம் தெளியுங்கள். அதற்கும் அகப்படாத ஊசித்துளை பெரிய வாளித் தண்ணீரில் பகுதி பகுதியாக அமிழ்த்தினால் சிக்கும். கண்டவுடனே பேனாவால் சுற்றி வட்டம் போடுங்கள். துடைத்துக் காயவைத்த பிறகு அந்த இடத்தை மறுபடி தேடினால் கிடைக்காது.

சைக்கிள் ரப்பர் பசை பிவிசியில் நிற்காது. அன்றைக்கு ஒட்டியது போலிருக்கும், தண்ணீரில் உரிந்து வரும். பிவிசிக்கு பிவிசிப் பசை, டிபியூவுக்கு அக்வாசீல் போன்ற யூரித்தேன் பசை. ஒட்டுத் துண்டை ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டரை செ.மீ. கூடுதலாக, மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலையில் இருந்துதான் உரிய ஆரம்பிக்கும். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, பவுடரும் எண்ணெயும் போகும்படி இரண்டு பக்கத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

பிவிசி என்றால் இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பசை பூசி ஐந்து நிமிடம் விட்டு, இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள். விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் துண்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு வைத்து, கரண்டி முதுகால் காற்றுக்குமிழியைத் தள்ளி எடுங்கள். யூரித்தேன் பசையில் ஊசித்துளைக்குத் துண்டே வேண்டாம். ஒரு வெள்ளிக் காசளவு பூசி அப்படியே மட்டமாகக் காயவிட்டால் அதுவே ரப்பராகிவிடும். எதுவானாலும் 24 மணி நேரத்துக்குக் காற்றடிக்கக் கூடாது.

மழை நேரத்தில் பிவிசி ஒட்டாதீர்கள். ஈரக்காற்றில் பசை உலரும்போது மேலே வெண்மையாகப் படலம் கட்டும். அது பசையல்ல, பனித்த ஈரம், ஒட்டு பிடிக்காது. குளிரூட்டி போட்ட அறையில் செய்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சன்னலைக் கொஞ்சம் திறந்துவையுங்கள், நெடி தலைக்கேறும். உறையின் கிழிசலுக்கு உள்பக்கம் நைலான் துண்டு வைத்து மழுங்கிய ஊசியால் கையால் தைக்க வேண்டும், பையை வெளியே எடுத்துவிட்டு.

உள்பை பழுப்பேறி விரலில் ஒட்டினாலோ, தையல் ஓரம் வெளுத்து மடிக்கும்போது கீறல் தெரிந்தாலோ ஒட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பை மட்டும் தனியாக வாங்கலாம். குழாயின் விட்டம், மொத்த நீளம், வால்வு முனையிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்ற மூன்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். தையல் விட்டதால்தான் மாற்றுகிறீர்கள், துணி இன்னும் நன்றாக இருக்கிறது என்றால், பழையதைத் தூக்கிப்போடுமுன் வால்வையும் உள்ளங்கையளவில் நாலு துண்டும் வெட்டி எடுத்துவையுங்கள். புதுப் பையும் அதே ரகமென்றால் அடுத்த ஒட்டுக்கு அதைவிடப் பொருத்தமான துண்டு கடையில் கிடைக்காது.